என் வண்டியில் உன் கியர்

என் ராசுத் தம்பிக்கு,

வீட்டுச் செய்திகளை உன் பெண்டாட்டி வனிதா தினமும் உன் படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிடுகிறாள். பிள்ளைகள் படிப்பு, தண்ணீர் வராதது, யார் வீட்டில் விசேஷம் எல்லாம் உனக்கு வந்து சேர்ந்திருக்கும். சைக்கிள் விஷயத்தை மட்டும் நான்தான் எழுத வேண்டும். அவள் சொன்னால் நீ நம்ப மாட்டாய்.

என் வண்டியில் இப்போது ஓடுவது உன் ஜப்பான்காரன் கியர். பிரேக், சங்கிலி, பின்சக்கரம் எல்லாமே உன்னுடையவை. சிரிக்காதே. முழுக்கக் கேள்.

இதைப் படிக்கிறவர்களுக்கு நம் சண்டை தெரியாது. நான் சிவகாசியில் அப்பாவின் அச்சகத்தை நடத்துகிறேன். நீ எம். புதுப்பட்டியில் பட்டாசுக் கம்பெனி நடத்தினாய். இரண்டு பேருக்கும் சுகர் வந்ததும் ரோடு பைக் என்கிற கியர் சைக்கிள் வாங்கினோம். நீ ஜப்பான் கம்பெனியின் கியர் செட் போட்டு வாங்கினாய். உனக்கு எதிராக எதையாவது செய்யாவிட்டால் எனக்குச் சோறு இறங்காதே, நான் இத்தாலி கம்பெனியின் செட்டைத் தேடிப் பிடித்தேன். அன்றிலிருந்து ஞாயிறுதோறும் ஆலங்குளம் ரோட்டு டீக்கடையில் நமக்கு இதே பேச்சுதான்.

"ஜப்பான்காரன் சாமானை மாட்டுனமா, மறந்தமான்னு இருக்கலாம்க்கா. உன் இத்தாலிக்காரனை மாப்பிள்ளை மாதிரி சீராட்டணும்" என்பாய்.

"ஏலே, பிரேக் பிடிக்கிற கைப்பிடியையே ஆட்டிக் கியர் மாத்துறதும் ஒரு பொழப்பா? எனக்குக் கட்டை விரலால ஒரு தட்டு. டக்குனு விழும். அந்தச் சத்தத்துக்கே துட்டுக் குடுக்கலாம்" என்பேன் நான்.

விசுவாசத்தைப் பற்றியும் ஒருநாள் பேசினாய். "காலையில எங்க கம்பெனி லேபிளை அடிக்கிற. சாயங்காலம் அதே மெஷின்ல எங்க எதிராளி லேபிளை அடிக்கிற. உனக்குப் பிராண்டு விசுவாசம்னு ஒண்ணு இருக்கா?" என்று கேட்டாய். மை காய்கிறவரைக்கும் யாரும் யாருக்கும் எதிராளி இல்லை என்று சொன்னேன். டீக்கடைக்காரர்கூடச் சிரித்தார். ஆனால் அச்சகத்தில் அப்படிப் பேசுகிறவள் சைக்கிளில் மட்டும் ஏன் அம்புட்டுப் பிடிவாதமாக இருந்தேன் என்று அன்றைக்கு நான் யோசிக்கவில்லை.

தீபாவளி சீசனில் நீ போனாய். லாரியில் லோடு ஏறிக்கொண்டிருந்த மத்தியான நேரம், ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டாயாம். தண்ணீர் வந்தபோது கையை நீட்டவில்லையாம். விருதுநகர் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. சீசன் யாருக்காகவும் நிற்பதில்லை என்று நீதான் சொல்வாய். அன்றைக்கு உன் கம்பெனியில் நின்றது. ஏற்றிய லோடை அப்படியே விட்டுவிட்டு எல்லோரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள்.

அடுத்து எங்களுக்குக் காலண்டர் சீசன். காலண்டர் தலைப்பில் தகரப் பட்டை அடிக்கிற மெஷினில் உட்கார ஆள் வரவில்லை. நானே உட்கார்ந்தேன். என் வலது கட்டை விரலில் பாதியை அது எடுத்துக்கொண்டது. வலியைப் பற்றி எழுதப்போவதில்லை. ஆறிவிட்டது. பேனா பிடிக்கப் பழகிவிட்டேன், சோறு பிசையவும் பழகிவிட்டேன்.

சைக்கிளில்தான் பழக முடியவில்லை. ரயில்வே மேம்பாலத்தில் ஏறும்போது விரல்களால் உள் லீவரைத் தள்ளி லேசான கியருக்கு வந்தேன். ஏறிவிட்டேன். மறுபக்கம் இறங்கி, சமதளத்தில் கனமான கியருக்குத் திரும்பக் கட்டை விரலைத் தூக்கினால், லீவரைத் தொட அங்கே விரல் இல்லை. இத்தாலிக்காரன் அந்த ஒரு வேலையைக் கட்டை விரலுக்கென்றே வைத்திருக்கிறான். லேசுக்கு வரலாம், திரும்பிப் போக முடியாது. இடது கையை நீட்டி அமுக்கப் பார்த்தேன். வண்டி லாரிப் பக்கம் சாய்ந்தது. எப்படியோ நிமிர்த்தி, வீடுவரைக்கும் காலைச் சும்மா சுழற்றிக்கொண்டே வந்து சேர்ந்தேன்.

உன் அத்தான் பார்த்துவிட்டு, "விட்டுரு ரத்னா. நடந்தாலும் சுகர் குறையும்" என்றார். நல்லதற்குத்தான் சொன்னார். சுகருக்காகவா நான் ஓட்டினேன்? ஆர்டர் என்னாச்சு, பேப்பர் வந்துச்சா என்று யாரும் கேட்காத ஒரே இடம் அது. நீ எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்த இடமும் அதுதான். அதையும் விட்டால் உன்னை எங்கே போய்ப் பார்ப்பேன்?

விருதுநகரில் நம் இரண்டு பேர் வண்டியையும் பார்க்கிற மெக்கானிக் சண்முகத்திடம் போனேன். "கைப்பிடி லீவரை மட்டும் ஜப்பான்காரனோடதா மாத்தித் தாயேன். அதுல கட்டை விரல் வேலையே இல்லைல்ல" என்றேன்.

"ஒட்டாதுக்கா" என்றான். "ஒரு கிளிக்குக்கு இவன் கம்பியை இழுக்கிற அளவு வேற, அவன் இழுக்கிற அளவு வேற. கலந்து மாட்டுனா சங்கிலி எந்தப் பல்லுலயும் ஒழுங்கா உக்காராது. மாத்துனா மொத்தமா மாத்தணும்."

"சரி, புதுசா ஒரு செட்டு வாங்கிப் போடு."

"இப்ப வர்றதெல்லாம் டிஸ்க் பிரேக்கும் பேட்டரி கியரும்தான்க்கா. உங்க வண்டி பிரேமுக்குச் சேராது. பழைய மாடல் எங்கன கேட்டும் கிடைக்கல." கொஞ்ச நேரம் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். பிறகு, "அண்ணாச்சி வண்டியில இருக்கிறது அப்படியே சேரும்" என்றான்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். உன் வண்டி உன் வீட்டு ஹாலில், நீ மாட்டிய கொக்கியிலேயே தொங்குகிறது. வனிதா அதைத் துடைத்து வைக்கிறாள். அதைக் கழற்றிக் கொடு என்று அவளிடம் எந்த வாயால் கேட்பேன்?

நான் கேட்கவில்லை ராசு. சண்முகம் அவளிடம் சொல்லிவிட்டான். போன் செய்து கூப்பிட்டாள். போனால், வண்டியைக் கொக்கியிலிருந்து இறக்கிப் பழைய போர்வை மேல் சாய்த்து வைத்திருந்தாள்.

"வாங்க மைனி. சாப்பிட்டீகளா?"

"சாப்பிட்டேன். இதை எதுக்கு இறக்கின?"

"நீங்க கேக்க மாட்டீகன்னு தெரியும். அதான் நானே இறக்கிட்டேன்."

"அது அவன் வண்டி வனிதா. கழட்டிட்டா அவன் வண்டியா இருக்காது."

அவள் குனிந்து பின்சக்கரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டாள். டிக்கு டிக்கு டிக்கு என்று ஓடி அது நின்றது.

"ஞாயித்துக்கிழமை இந்தச் சத்தம் தெருமுனையில கேக்கும். அவுக வந்துட்டாகன்னு தோசைக்கல்லைப் போடுவேன்" என்றாள். "இப்ப நான் கையால சுத்திவிட்டாத்தான் கேக்குது. எனக்கு அது பிடிக்கல மைனி. நீங்க ஓட்டிக்கிட்டு வந்தீகன்னா தானா கேக்கும்."

அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். பிறகு அவள் ஒரு நிபந்தனை போட்டாள். "ஆனா ஒண்ணு. அவுக வண்டியை மொட்டையாத் திருப்பித் தரக் கூடாது. பாக்க முடியாது என்னால."

"வேற என்னத்த மாட்ட?"

"உங்களோடதை மாட்டச் சொல்லுங்க."

நீ போனபிறகு நான் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான். "இத்தாலி சாமானை அவன் வண்டியிலயா? ராசு என்னைச் சும்மா விட மாட்டான்" என்றேன்.

"அவுககிட்ட நான் சொல்லிக்கிறேன்" என்றாள் வனிதா.

அவள் இன்னும் சொல்லியிருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். நானே சொல்லிவிட்டேன். இரண்டு வண்டிகளையும் லோடு ஆட்டோவில் ஏற்றி விருதுநகருக்குக் கொண்டுபோனோம். சண்முகம் ஒவ்வொன்றாகக் கழற்றிப் போட, அவள் பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். எந்த நட்டு எந்த வண்டியுடையது என்று அவனுக்கே குழம்பியபோதும் அவளுக்குக் குழம்பவில்லை. உன் பிரேக் லீவர் ரப்பரில் உன் உள்ளங்கை தேய்த்த இடம் பளபளப்பாக இருக்கிறது. புது ரப்பர் போடவா என்று கேட்டான். வேண்டாம் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சொன்னோம்.

முதல் சில வாரங்கள் என் கை திணறிப்போனது. கியர் மாற்ற வேண்டுமென்றால் இன்றைக்கும் முதலில் அசைவது இல்லாத விரல்தான். அது காற்றைத் தட்டிவிட்டுச் சும்மா இருந்த பிறகே மற்ற விரல்களுக்கு வேலை ஞாபகம் வருகிறது. கியர் மாற்றப்போய்ப் பிரேக் பிடித்தேன், பிரேக் பிடிக்கப்போய்க் கியர் மாற்றினேன். திருத்தங்கல் பக்கம் ஒரு நாய் நான் படும் பாட்டைப் பார்த்துவிட்டுக் குரைக்காமலே போய்விட்டது.

உன் சாமான் எப்படி என்று கேட்பாய். சொல்கிறேன். நீ சொன்னதுபோலவே மறந்துவிடலாம். மழையில் நனைந்தாலும் முணுமுணுப்பதில்லை. ஆனால் அந்த டக்கென்ற சத்தம் இல்லை ராசு. வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, மாறியதே தெரியாமல் மாறுகிறது. உனக்கு அது உசத்தி. எனக்கு இன்னும் இல்லை. நீ ஜெயித்தாய் என்று எழுதிக்கொடுக்க நான் தயாரில்லை.

ஓட்டிக்கொண்டு போகும்போது ஒன்று தோன்றுகிறது. நான் உண்மையில் இத்தாலிக்காரனுக்கா விசுவாசமாக இருந்தேன்? இல்லை, உன்னோடு மல்லுக்கட்டுவதற்கா? நீ இத்தாலி வாங்கியிருந்தால் நான் ஜப்பான்தானே வாங்கியிருப்பேன். எதிரில் ஆள் இல்லாதபோது ஒரு கட்சியில் இருப்பதற்கு என்ன அர்த்தம்? தெரியவில்லை. நீ இருந்தால் இதற்கும் எதிராக ஏதாவது சொல்லியிருப்பாய்.

ஆனால் எதிர்க்கட்சி காலியாக இல்லை. அதுதான் பெரிய செய்தி.

மாற்றி மாட்டிய உன் வண்டியை வனிதா கொக்கியில் ஏற்றவில்லை. சுவரோரமாகவே நிறுத்தி வைத்திருந்தாள். ஒருநாள் காலையில் அதை உருட்டிக்கொண்டு அச்சகத்துக்கு வந்துவிட்டாள். "மைனி, எனக்குச் சொல்லித் தாங்க" என்றாள். கல்யாணத்தன்று உங்கள் இரண்டு பேரையும் நிற்கவைத்துவிட்டு, ஒரே உசரம், ஒரே அச்சு என்று கேலி செய்தோமே. உன் வண்டியில் சீட்டைக்கூட இறக்க வேண்டியிருக்கவில்லை. படிக்கிற காலத்தில் சைக்கிள் ஓட்டியவள்தான், அதனால் கூடுதலாகச் சொல்லித்தர ஒன்றும் இல்லை. பேப்பர் லாரி நிற்கிற முற்றத்தில் சுற்றிச் சுற்றி வந்தாள். வளைவில் கட்டை விரலால் ஒரு தட்டு. டக். திரும்பவும் டக்.

"இது சுளுவாத்தானே இருக்கு மைனி. இதையா அவுக அப்படித் திட்டுனாக?" என்று கேட்டாள்.

"மழையில நனைஞ்சா பாரு அதோட சீரை" என்று என் வாயிலிருந்து வந்தது. ஆமாம், நான்தான் சொன்னேன். இப்போது டீக்கடையில் ஜப்பானுக்கு நான் பேசுகிறேன், இத்தாலிக்கு உன் பெண்டாட்டி பேசுகிறாள். உன்னைவிட நன்றாகச் சண்டை போடுகிறாள். குரலை உயர்த்துவதில்லை, விட்டும் கொடுப்பதில்லை.

வருகிற ஞாயிறு எங்கே போகலாம் என்று கேட்டேன். உன் கம்பெனிக்கு என்றாள். நீ போனபிறகு அவள் அந்தப் பக்கம் போனதே இல்லை. அங்கே உன் வேலைகளை இப்போது அத்தான்தான் பார்க்கிறார். காரில் போவோமா என்று நான் கேட்டதற்கு அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"கார்ல போய் இறங்குனா எல்லாரும் எந்திரிச்சு நிப்பாக. யாராவது அழுவாக. அவுக நாற்காலியில உக்காரச் சொல்லுவாக. சைக்கிள்ல போனா, வாசல்ல ஒரு காலை ஊனி நின்னு பாத்துட்டு வந்துரலாம். முடியலைன்னா பாதியிலயே திரும்பிறலாம். யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம்."

அதனால் நாங்கள் வருகிறோம் தம்பி. ஞாயிறு என்பதால் லாரி குறைவாகத்தான் இருக்கும். இருந்தாலும் அவளை முன்னால் விட்டு நான் பின்னால் வருவேன், ரோட்டுப் பக்கமாக ஒரு முழம் தள்ளி. பின்னால் வருகிற எதுவும் என்னைத் தாண்டித்தான் அவளிடம் போக வேண்டும். அவள் பாதியில் திரும்பினால் ஏன் என்று கேட்க மாட்டேன். உன் கம்பெனி வாசல்வரை வந்துவிட்டால், அவள் காலை எடுத்துப் பெடலில் வைக்கிறவரைக்கும் நானும் ஊனிய காலை எடுக்க மாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
ரத்னா அக்கா