சும்மா கொடுத்த புடவை

கண்டி
14.07.2025

மகள் ஷஹ்மாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தெஹிவளையில் உங்கள் உம்மாவும் நானாவும் சுகமாக இருப்பார்கள். இங்கே நானும் மாமியும் இருக்கிறோம், அவ்வளவுதான். போனில் பேசினால் சத்தம் போட்டுவிடுவேன். அதனால் எழுதுகிறேன்.

நேற்று ரஸீனுடைய உம்மா சுபஹுக்கு முன் மௌத்து. உடலைச் சுற்றும் கபன் புடவைக்காக ரஸீன் நம் புசல்லாவைக் கடைக்கு வந்திருக்கிறார். கபனுக்கு நாங்கள் எந்தக் காலத்திலும் காசு வாங்கியதில்லை. ஊருக்கே தெரியும். கேஷில் இருந்த யுகேஷ் புடவையை வெட்டிவிட்டுப் பில் மெஷினில் போட்டால், மெஷின் விலை கேட்கிறது. பிள்ளை புதியவன். ஸ்டொக் குறைந்தால் தன் தலையில் விழும் என்று பயந்து காசை வாங்கிவிட்டான்.

"ஏன்டா?" என்றேன். "மெஷின் விட மாட்டேங்குது முதலாளி. முந்தி ஒரு பொத்தான் இருந்துச்சு, அதக் காணோம்" என்கிறான்.

மையவாடியில் அடக்கம் முடிந்ததும் ரஸீனிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். வாங்கவில்லை. "வெச்சிக்கோங்க ஹாஜியார். மௌத்துக்கும் பில் போடத் தொடங்கினது எனக்குத் தெரியாமப் போச்சு" என்றார். சனத்துக்கு முன்னால் சொன்னார்.

அந்தப் பொத்தான் நம் அரூஸ் வைத்தது. மெஷின் வேலையை இப்போது பார்ப்பது நீங்கள்தானே, அதை எடுக்க யாரிடம் கேட்டீர்கள்? எல்லாவற்றையும் பழையபடி வையுங்கள். முடியாவிட்டால் மெஷினைக் கழற்றிவிட்டுப் பில் புத்தகத்துக்கே போகிறேன். மகனைத்தான் கொண்டுபோய் அடக்கினோம். அவன் செய்ததையும் அடக்க வேண்டுமா?

எம். ஐ. எம். முஹ்ஸின்


தெஹிவளை
16.07.2025

அன்புள்ள மாமாவுக்கு,

வஅலைக்கும் ஸலாம். எடுத்தது நான்தான். வேறு யாரையும் ஏச வேண்டாம்.

உங்கள் மகனும் நானும் உங்கள் கடைக்கென்று தொடங்கிய மென்பொருளை இப்போது எத்தனையோ கடைகள் பாவிக்கின்றன. கம்பனியில் பலர் அதில் வேலை செய்கிறோம். பாவனையில் இல்லாத பழைய பகுதிகளை நீக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. அவற்றில் பெரும்பாலானவை அவர் எழுதியவை.

'சும்மா' என்ற பெயரில் ஒரு பகுதி இருந்தது. பேராதனையில் படித்த காலத்தில், பரீட்சித்துப் பார்க்க எழுதும் எதற்கும் அவர் அந்தப் பெயரைத்தான் வைப்பார். இதுவும் அப்படி ஒன்று என்று நினைத்தேன். பெயரைப் பார்த்தேன், உள்ளே பார்க்கவில்லை.

பழையபடி வைப்பதிலும் சிக்கல் இருக்கிறது. எங்கள் வேலையில் மாற்றங்களைக் கட்டுக் கட்டாகச் சேமிப்போம். கமிட் என்போம். ஒரு கட்டில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். மேலே ஏன் என்று ஒரு வரி எழுத வேண்டும். அப்போதுதான் பிழையாகப் போன கட்டை மட்டும் திருப்பலாம். நான் அத்தனையையும் ஒரே கட்டாக எடுத்தேன். மேலே 'குப்பை நீக்கம்' என்று மட்டும் எழுதினேன். வற் வரித் திருத்தமும் அதற்குள்ளேயே போய்விட்டது. அதைத் திருப்பினால் எல்லாக் கடைகளிலும் பழைய வரி வந்து நிற்கும்.

முறை தெரியாமல் இல்லை, மாமா. ஒவ்வொன்றாக எடுப்பதென்றால் ஒவ்வொன்றையும் வாசிக்க வேண்டும். எல்லாவற்றிலும் அவர் பெயர். கண்ணை மூடிக்கொண்டு ஒரே வீச்சில் எடுத்துவிட்டேன்.

கபன் பொத்தானை மட்டும் இன்று காலை புதிதாக எழுதி வைத்தேன். ரஸீன் நானாவிடம் நான் பேசட்டுமா?

ஷஹ்மா


கண்டி
18.07.2025

மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதத்தை மாமிக்கு வாசித்துக் காட்டினேன். 'குப்பை' என்ற சொல் வந்த இடத்தில் விழுங்கிவிட்டேன். நீங்களும் இனி அதை எழுத வேண்டாம்.

ஜனாஸா வீட்டுக்காரர் புடவைக்கு வந்து சட்டைப் பையில் கை வைத்தால் நான் என்ன சொல்வேன்? "சும்மா கொண்டு போங்க" என்பேன். சின்ன வயதிலிருந்து அவன் கேட்ட சொல் அது. அதைத்தான் பெயராக வைத்திருக்கிறான். அவனுக்கே புடவை எடுத்த அன்று அந்தப் பொத்தானை அமத்தியது நான்தான். உங்களுக்கு இது தெரியாது. உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அது எங்கள் பிழை.

கட்டுகஸ்தோட்டைக் கடையை மூடியபோது முதலில் ஓடரை நிறுத்தினேன். பிறகு சாமானை இறக்கினேன். சாமான் அடுக்கும் ராக்கையைக் கழற்றியது கடைசியில். முதலிலேயே ராக்கையைக் கழற்றியிருந்தால் சாமான் தலையில் விழுந்திருக்கும். உங்கள் வேலையும் அப்படித்தான் போலிருக்கிறது. பழையதைச் சுமக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. வியாபாரிக்கு அது சரிவராது. திரும்பவும் முதலில் இருந்து எடுங்கள். தெரியாததை எங்களிடம் கேட்டு எடுங்கள்.

ரஸீனிடம் நீங்கள் பேச வேண்டாம், அது என் பாடு. ஆனால் ஒன்று கேட்கிறேன். அரூஸுக்காக இருந்த இத்தா முடிந்து இங்கிருந்து போனவர் நீங்கள், ஒரு தரம்கூட இந்தப் பக்கம் வரவில்லை. மாமி கேட்பதில்லை. நான் கேட்கிறேன்.

மாமா


தெஹிவளை
03.08.2025

அன்புள்ள மாமாவுக்கும் மாமிக்கும்,

ஸலாம். வரித் திருத்தத்தைப் பிரித்துத் தனிக் கட்டாக்கினேன். மிச்சம் எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்து, ஒவ்வொன்றாக எடுக்கிறேன். முதலில் ஒரு பகுதியை வேறு எந்தெந்தப் பகுதிகள் கூப்பிடுகின்றன என்று பார்த்து, அந்தத் தொடர்பை அறுக்கிறேன். பிறகு அந்தப் பகுதி. பிறகு அதற்காக மட்டுமே இருந்தவை. உங்கள் ராக்கைக் கணக்குத்தான்.

கட்டுகஸ்தோட்டைக் கிளை போய்விட்டது. 'கடை மூடப்பட்டது' என்று எழுதினேன். வெள்ளிக்கிழமைகளில் திரையில் 'வாப்பா, ஜும்ஆவுக்கு நேரம்' என்று எழுந்து நிற்கும் ஒன்று இருந்தது. 'வாப்பா ஏசியதால் நிறுத்தியது, இப்போது யாரும் கூப்பிடுவதில்லை' என்று எழுதி எடுத்தேன். எழுதும்போது சிரித்தேன். சிரித்து எவ்வளவோ நாள்.

எதுவும் அழிவதில்லை என்று மாமியிடம் சொல்லுங்கள். எழுதியவர் பெயரும் எடுத்த காரணமும் வரலாற்றில் இருக்கும்.

புதிதாக எழுதிய பொத்தானை நீக்கிவிட்டு அவருடையதையே வைத்தேன். பெயரும் 'சும்மா'தான். மேலே இப்படி எழுதியிருக்கிறேன்: 'கபன் புடவைக்கு. விலை கேட்கக் கூடாது. இதைத் தொடுமுன் கண்டிக் கடையில் கேட்கவும்.'

ஏன் வரவில்லை என்று கேட்டீர்கள். அங்கே நாங்கள் இருந்த அந்த அறையைத் திறக்கப் பயமாக இருக்கிறது, மாமா.

ஷஹ்மா


கண்டி
10.08.2025

அன்பு மகளுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நேற்று ரஸீன் கண்டிக் கடைக்கே வந்து பிள்ளைக்கு யூனிபோர்ம் துணி எடுத்தார். பில்லை நீட்டினேன். "இதுக்குப் போடுங்க ஹாஜியார், இதுக்குத் தாராளமாப் போடுங்க" என்றார். மூன்று தரம் எண்ணிவிட்டுக் காசைக் கொடுத்தார். அந்த விஷயம் முடிந்தது.

நீங்கள் போனதிலிருந்து அந்த அறையைப் பூட்டித்தான் வைத்திருந்தோம். எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டிப் பள்ளிவாசலுக்குக் கொடுத்துவிடுவோம் என்று போன மாதம்தான் நான் மாமியிடம் கத்தினேன். எனக்கும் பார்க்க முடியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு நாங்களே திறந்தோம். அவன் உடுப்பு அலுமாரியில் இருந்து ஒவ்வொன்றாக எடுக்கிறோம். இது யாருக்கு, ஏன் என்று மாமி சொல்கிறார், நான் மடிக்கிறேன். ஜக்கெட் யுகேஷுக்கு, புசல்லாவைக் குளிருக்கு.

மேல் தட்டில் பச்சைக் கோடு போட்ட சட்டை ஒன்று இருக்கிறது. கொலர் கிழிந்தது, பொத்தான் இரண்டு இல்லை. "பழசுதானே, துடைக்கப் போடுவம்" என்றார் மாமி. வேண்டாம் என்றேன். கிழிந்த சட்டையைத் தோய்த்து, அயர்ன் பண்ணி ஏன் வைத்திருந்தான் என்று எங்களுக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்திருக்கும்.

அதை இருந்த இடத்திலேயே வைத்திருக்கிறோம். கடிதத்தில் எழுத வேண்டாம். வந்து சொல்லுங்கள்.

உங்கள் மாமா