நரி முகம்

செவ்வாய், இரவு

விளக்கைப் போட்டுக்கொண்டு எழுதுவது தப்புதான். பக்கத்தில் அம்மா தூங்குகிறாள்.

நேற்று நரி எங்கள் ஆட்டுக்குட்டிகள் இரண்டைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. நாளை கோழிக்குடலில் விஷம் கலந்து வைக்கப் போகிறார் அப்பா. இன்று பூச்சிமருந்து டப்பாவை என்னிடம் நீட்டி, "எம்புட்டுப் போடணும்னு படிச்சுச் சொல்லு தாயி" என்றார். வீட்டில் இங்கிலீஷ் படித்தவள் நான் ஒருத்திதான்.

பத்தாவது பரீட்சையன்று உசிலம்பட்டி பஸ்ஸைப் பிடிக்கப் போகையில், வரப்பில் ஒரு நரி நின்று எங்களைப் பார்த்தது. அப்பா சைக்கிளை நிறுத்தி, "நரி முகத்துல முழிச்சிட்ட, பாஸ்தான் போ" என்றார். வழியெல்லாம் சிரித்துக்கொண்டே மிதித்தார். அதை இன்று அவருக்கு நினைவுபடுத்தினேன்.

"அன்னைக்கு நம்மகிட்ட ஆடு ஏது தாயி?"

டப்பாவில் எழுத்து அழிந்திருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டேன். காலையிலாவது சொல்லிவிட வேண்டும்: "விஷம் வேண்டாம்ப்பா. ராத்திரி ஆட்டுக் காவலுக்கு நானும் வாரேன்."