விஷாகாவின் வார்த்தைப் பட்டியல்

கேட்டி, டெக்சஸ்
14.2.1998

அன்புள்ள உங்களுக்கு,

நாகு எழுதுவது. நானும் விஷாகாவும் சௌக்கியம். அபர்டீனில் பனி அதிகம் என்று டிவியில் சொன்னார்கள். நடுக்கடலில், எண்ணெய்க் கிணற்று மேடையில் காதைக்கூட மூடிக்கொள்ளாமல் நிற்பீர்கள், எனக்குத் தெரியும். வாஷிங் மெஷின் மறுபடியும் மக்கர் செய்கிறது.

குழந்தையின் பேச்சைப் பற்றிப் போனில் கேட்டீர்கள். அவள் சொல்வதில் பாதி புரியவில்லை என்கிறார் கிண்டர்கார்ட்டன் டீச்சர். நீங்கள் வருவதற்குள் அந்த ஸ்காட்லாந்துப் பேச்சையெல்லாம் மாற்றிவிடு, வீட்டில் கேட்கவே கூடாது என்றீர்கள். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாம் எல்லோரும் அபர்டீனில் இருந்தபோது, ஸ்கூலில் கற்றுவந்து மூன்று வயதில் அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது அவள் அண்ணன்தானே. ஆர்யன் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ஆனாலும் பக்கத்து அறையிலிருந்து இவள் கூப்பிட்டால் அவன் குரல்தான் வருகிறது. தோசைக் கரண்டியைப் போட்டுவிட்டு ஓடுகிறேன். இவள் மட்டும் உட்கார்ந்திருக்கிறாள்.

டீச்சர் சொன்னபடி, மாற்ற வேண்டிய வார்த்தைகளுக்கு ஒரு பட்டியல் போட்டேன். இடது பக்கம் அவள் வார்த்தை, எதிரே சாதாரண இங்கிலீஷ். 'வீ' என்றால் லிட்டில். 'பேர்ன்' என்றால் சைல்ட். எனக்குத் தெரியாதவற்றை உங்கள் ஆபீஸ் நண்பரின் மனைவி எல்ஸ்பெத் எழுதித் தந்தாள். அவள் அந்த ஊர்க்காரி. 'வாபிட்' என்பதற்கு எதிரே, உடம்பில் துளியும் தெம்பில்லாமல் போவது என்று எழுதியிருந்தாள்.

என்னங்க, இதை நேரில் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காய்ச்சல் வருவதற்கு முன்னால் இரண்டு நாள் ஆர்யன் என்னிடம் அதைத்தான் சொன்னான். ஸ்கூல் விட்டு வந்து, ஷூவைக்கூடக் கழற்றாமல் சோபாவில் படுத்துக்கொண்டு, ஐ'ம் வாபிட் அம்மா என்றான். வீட்டிலும் இங்கிலீஷ்தான் என்று நாம் வைத்திருந்ததால் களைப்பு என்ற சொல் அவனுக்குத் தெரியாது. அவன் சொல் எனக்குத் தெரியாது. பெற்ற பிள்ளையிடம் அர்த்தம் கேட்க வெட்கப்பட்டுக்கொண்டு, ஓகே கண்ணா என்று சொல்லிவிட்டுத் துணி மடித்தேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் அவனுக்கு நினைவே இல்லை.

"வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லியிருந்தா காப்பாத்தியிருக்கலாமே" என்று நீங்கள் இன்னும் சொல்கிறீர்கள். சொன்னான். என்னிடம் சொன்னான். கோபம் வந்தால் என்மேல் வரட்டும். அவன் சொல்லவில்லை என்று மட்டும் இனி சொல்லாதீர்கள். என்னால் தாங்க முடியவில்லை.

மற்ற வார்த்தைகளை மாற்றிவிடுகிறேன். இந்த ஒன்றை மட்டும் பட்டியலிலிருந்து அடித்துவிட்டேன். நேற்று பார்க்கிலிருந்து வந்ததும் விஷாகா அதைச் சொன்னாள். மடியில் போட்டு, நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஓடி ஆடிய களைப்புதான். இருந்தாலும் ரொம்ப நேரம் இறக்கிவிட மனம் வரவில்லை.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மார்ச்சில் வந்திருக்கும்போது உங்களிடமும் அவள் அதைச் சொல்வாள். தயவுசெய்து திருத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, என்ன கண்ணா செய்கிறது என்று ஒரு தடவை கேளுங்கள்.

உங்கள்,
நாகலக்ஷ்மி