போல்ட்டுக்குள் இருந்த நல்லெண்ணெய்

மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் விரல்களில் அந்த வாடை போகவில்லை. பழைய நல்லெண்ணெயின் காறல் வாடை. நேற்றுக் காலை தோட்டத்துத் துரையின் ரைஃபிளிலிருந்து, தோட்டாவைத் தள்ளிப் பூட்டும் போல்ட்டைக் கழற்றி, முதன்முறையாக அதைத் திருகித் திறந்தபோது வந்தது. அடுப்பில் வெந்நீர் கொதித்து வழிந்ததைக்கூட நான் கவனிக்கவில்லை.

நீ போன பிறகு துரை அந்தத் துப்பாக்கியை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார். ஒரு வருஷத்துக்கு மேலாக யாரும் தொடவில்லை. இளம் ரப்பர்க் கன்றுகளைப் பன்றிகள் மறுபடி கிண்டத் தொடங்கியதால், "தொடச்சு வை, கோக்கி" என்று என்னிடம் நீட்டினார். பங்களாச் சமையற்காரனுக்கு இந்த வேலை எப்படி வந்தது என்று யாராவது கேட்டால் நீதான் முந்திக்கொண்டு பதில் சொல்வாய். "வெந்நி இவன்கிட்டதானே இருக்கு லா. துப்பாக்கியக் குளிப்பாட்டி, பொட்டு வச்சு அனுப்புவான்."

சுட்ட குழலுக்குள் வெந்நீர் ஊற்றாவிட்டால் இரண்டே நாளில் துரு பிடித்துவிடும். ஊற்றி, கம்பியில் துணி சுற்றி, துணி வெளுப்பாக வரும்வரை இழுத்து, எண்ணெய் போடுவேன். தோட்டத்துக்குக் காவல் பார்க்கும் ஜாகாவான நீ சமையல்கட்டு வாசலில் கோப்பிக் குவளையோடு காத்திருப்பாய். வாங்கியதும் தோளில் மாட்டிக்கொண்டு காவலுக்குப் போய்விடுவாய். "நீ தொடச்சா நான் எதுக்குப் பாக்கணும்?" என்பாய். அதில் எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா?

துப்பாக்கி எண்ணெய் டின் தீர்ந்துபோனது. சிங்கப்பூரிலிருந்து புதிது வர மூன்று மாதம் ஆயிற்று. எண்ணெய் எண்ணெய்தானே என்று அடுக்களை நல்லெண்ணெயை எடுத்தேன். வாரம் தவறாமல் போல்ட்டின் பின்பக்கம் தாராளமாகவே விட்டேன். வழவழவென்று ஓடியது. அதற்குள்ளே ஒரு சுருள்வில்லும், தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசியும் இருப்பது எனக்குத் தெரியும். எண்ணெய் அங்கே தங்கி இறுகும் என்றுதான் தோன்றவில்லை. விளக்கில் பிடித்த பிசுக்கை வெள்ளிக்கிழமைதோறும் புளி போட்டுத் தேய்க்கிறவன் நான். எனக்கே தோன்றவில்லை, பார். அந்த மூன்று மாதமும் பன்றி வரவில்லை. நீயும் ஒரு தோட்டாகூடச் சுடவில்லை.

பிறகு அந்தக் காலை. பால்மரம் சீவும் பெண்களை நோக்கி ஒற்றைப் பன்றி பாய்ந்தபோது நீ குறுக்கே போய் நின்றாய். இரண்டு தடவை 'டிக்' என்றதாம், வெடிக்கவில்லையாம். மூன்றாவது தடவைக்கு அது உன்னை விடவில்லை. தொடை கிழிந்து, ஆஸ்பத்திரிக்குத் தூக்கும் முன்பே போய்விட்டாய். சாயங்காலத்துக்குள் லயத்து வீடுகள் முழுக்க ஒரே பேச்சு: ராத்திரிக் குடித்த கள்ளு தெளியவில்லை, தோட்டாவைச் சரியாகப் போடவில்லை. உனக்காக அழுதுகொண்டே நானும் அதை நம்பினேன்.

நேற்று அந்த ஊசியைப் பின்னால் இழுத்து விட்டுப் பார்த்தேன். தேனில் விழுந்த எறும்பு மாதிரி மெல்ல நகர்ந்தது. அந்த வேகத்தில் குத்தினால் தோட்டா எப்படி வெடிக்கும்? துரையிடம் கொண்டுபோய்க் காட்டினேன். ஊசியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு, "முடிஞ்சு போச்சு, விடு" என்றார்.

என்னால் விட முடியவில்லை. இன்று விடியற்காலைப் பெரட்டில், பேர் வாசித்து முடிந்ததும், கங்காணியிடம் கேட்டுக்கொண்டு எல்லோர் முன்னாலும் போய் நின்றேன். "அவன் குடிச்சிருந்தான்னு பேசுனீங்க. நானும் பேசுனேன். தப்பு. துப்பாக்கிதான் சுடல. நான் ஊத்துன எண்ணெய்தான் அதுக்குக் காரணம்" என்றேன். ஒவ்வொருவராகக் கத்தியை எடுத்துக்கொண்டு தங்கள் மரநிரைக்குப் போனார்கள்.

உன் மனைவி மட்டும் பால்வாளியோடு என் பக்கத்தில் வந்தாள். காறித் துப்புவாள் என்று நினைத்தேன். துப்பியிருக்கலாம்.

"நானும் கள்ளுதான்னு நம்பிட்டேண்ணே. அந்தக் கோவத்துல போன மாசம் வருஷத் தெவசத்துக்குக்கூட அவருக்குச் சோறு படைக்கல" என்றாள்.

சமையற்காரன் நான். உன் உயிரை எடுத்தேன் என்பதையாவது என்றைக்காவது தாங்கிக்கொள்வேனோ என்னவோ. உனக்கு ஒரு வாய்ச் சோறு கிடைக்காமல் செய்தவனும் நானே என்பது தொண்டையை விட்டு இறங்கவில்லை.