அளவெடுத்தவன்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நான் நலமாக இருப்பதாக முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். கடிதத்தை அப்படித்தான் தொடங்க வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். அதற்குமேல் அங்கே நான் பெரிதாக ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை. இருமல் குறைந்திருக்கிறது. கடையில் வியாபாரம் சுமார். எதிர்க்கடைக்காரர் புதிதாக விளக்கு போர்டு வைத்திருக்கிறார். அந்த வெளிச்சத்தில் என் கடைக்கும் இலவசமாக வெளிச்சம் வருகிறது என்று சொல்லி அவரை எரிச்சல்படுத்திக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் பேசுகிறோமே, இந்த மனுஷன் ஏன் காகிதத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்தார் என்று நினைப்பாய். போனுக்கு பேக் கவர் விற்றுப் பிழைக்கிறவன் தபால் பெட்டியைத் தேடி அலைந்தது எனக்கே சிரிப்பாகத்தான் இருந்தது. காரணம் இதுதான். போனில் நான் ஒன்றைச் சொல்ல ஆரம்பித்தால் நீ பாதியிலேயே "சரி விடுப்பா" என்பாய். நானும் அதுதான் சாக்கு என்று விட்டுவிடுவேன். பதினான்கு மாதமாக அப்படித்தான் விட்டுக்கொண்டு வந்தேன். கடிதத்துக்குள் நீ குறுக்கே பேச முடியாது.

போன ஞாயிறு நீ சொன்ன செய்தியை மறுநாள் பேப்பரிலும் பார்த்தேன். உன் கம்பெனித் தலைவரும் அந்தப் பெரிய கம்பெனித் தலைவரும் கை குலுக்கிக்கொண்டு நிற்கும் படம். இரண்டு பேருக்கும் பல் எல்லாம் தெரிந்தது. வழக்குகளை வாபஸ் வாங்கிக்கொண்டார்களாம், இனிமேல் கூட்டணியாம், ஒரே போனை இரண்டு பேரும் சேர்ந்து செய்யப்போகிறார்களாம். போன வருஷம் ஒருவர் குரல்வளையை ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தவர்கள். உனக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அன்று கேட்டேன். நீ வேறு சொன்னாய். இரண்டு கம்பெனி ஆட்களும் முதல் தேதியிலிருந்து ஒரே அறையில் உட்கார வேண்டும், அந்தப் பட்டியலில் ஏணியின் பெயரும் இருக்கிறது, அதனால் வேலையை விடப் போகிறேன் என்றாய். "அவன் இருக்குற ரூம்ல என்னால மூச்சு விட முடியாதுப்பா" என்றாய்.

ஏணி என்று அந்தப் பையனுக்கு நான்தான் பெயர் வைத்தேன். முதல் தடவை நீ அவனைக் கடைக்குக் கூட்டி வந்தபோது ஷட்டரில் தலையை இடித்துக்கொண்டு, ஷட்டரிடமே சாரி கேட்டானே, அன்றைக்கு. உன்னோடு வேலை பார்க்கிறவன் என்றுதான் அறிமுகம் செய்தாய். சாப்பிடும்போது அவன் தட்டை நீ பார்த்த விதத்திலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. உன் அம்மா போய் ஐந்து வருஷத்தில் அந்த மேஜையில் அன்றுதான் மூன்று பேர் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

சாப்பிட்ட பிறகு அவனைக் கடைக்குள் கூட்டிக்கொண்டுபோய் என் பெருமையை எல்லாம் அவிழ்த்துவிட்டேன். வெர்னியரைக் காட்டினேன். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குவரை அளக்கும் கருவி. ஆனால் ஒருமுறை கீழே விழுந்ததிலிருந்து எதை அளந்தாலும் அரை மில்லி கூட்டிக் காட்டும், நான் கழித்து எழுதிக்கொள்வேன். இதற்கும் எனக்கும் ஒரே குணம் தம்பி, எதையும் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வோம் என்றேன். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். நீ வாசலில் நின்று, ரெண்டு பேரும் சேர்ந்தாச்சா என்றாய்.

இனி எழுத வேண்டியதுதான் கஷ்டம். ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

உன் கம்பெனி விவகாரத்தை நீ எத்தனையோ முறை விளக்கியிருக்கிறாய். நான் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன், தப்பென்றால் திருத்திக்கொள். நீங்கள் பதினொரு பேர் இரண்டு வருஷமாக ஒரு போன் செய்தீர்கள். அதன் உயிரே கேமராதான். அந்த லென்ஸைச் செய்கிற கம்பெனி, வருஷக் கடைசிவரை பெரிய கம்பெனிக்கு மட்டும்தான் கொடுப்பேன் என்று எழுதிக் கொடுத்திருந்தது. ஒரு வீட்டில் நிச்சயம் செய்துவிட்டு இன்னொரு வீட்டில் ரகசியமாகப் பெண் பார்த்த மாதிரி, உங்களோடும் பேசி முடித்திருந்தது. வருஷம் முடியும்வரை விஷயம் வெளியே வரக்கூடாது. வந்தது. இன்னும் வராத போனுக்கு பேக் கவர் என்று அளவுகளோடு ஒரு படம் எங்கெங்கோ சுற்றியது. கேமராவுக்கு விட்டிருந்த ஓட்டையின் வடிவத்தைப் பார்த்தே பெரிய கம்பெனிக்காரர்கள் அது யாருடைய லென்ஸ் என்று கண்டுபிடித்துவிட்டார்கள். மிரட்டினார்கள். லென்ஸ் கம்பெனி பின்வாங்கியது. உங்கள் போன் பெட்டிக்குள்ளேயே செத்துப்போனது. பதினொரு பேரையும் கம்பெனிக்குள்ளேயே ஆளுக்கொரு வேலைக்குப் பிரித்துப் போட்டார்கள். அளவுத் தாள் கையில் இருந்தவன் என்று ஏணியை வெளியே அனுப்பினார்கள். இரண்டு மாதம் கழித்து அவன் அந்தப் பெரிய கம்பெனியிலேயே சேர்ந்தபோது, எல்லோரும் சொன்னது சரிதான் என்று நீயும் முடிவு செய்தாய்.

பாப்பா, அந்த அளவைக் கொடுத்தது நான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நீ சிக்னல் சோதிப்பதற்காக அந்தப் போனை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தாய். வடிவம் தெரியாமலிருக்க அதன்மேல் செங்கல் மாதிரி ஒரு கறுப்பு மூடி, நாலு திருகு, திருகின்மேல் கம்பெனி ஸ்டிக்கர். ஸ்டிக்கர் கிழிந்தால் உன் வேலை போய்விடும் என்று சிரித்துக்கொண்டே என்னிடம் சொன்னாய். அப்புறம் எனக்கு இருமல் மருந்து வாங்கக் கிளம்பினாய். போக வர இருபது நிமிடம்.

ஸ்டிக்கரைச் சூடுகாட்டிக் கிழியாமல் எடுத்து, திரும்ப ஒட்டுவதில் இந்தத் தெருவில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. உனக்குத் தெரியும். எனக்குக் கவர் போடுகிற மொத்தக் கடைக்காரர் ஒரு மாதமாக என்னைச் சீண்டிக்கொண்டிருந்தார். புதுப் போன் வெளியாகும் அன்றைக்கே எவன் கடையில் கவர் தொங்குகிறதோ அவனுக்குத்தான் தெரு, உங்கள் பொண்ணு அங்கே இருந்து என்ன பிரயோஜனம், எதிர்க்கடைக்காரர் இந்தத் தடவையும் முந்திக்கொள்ளப் போகிறார் என்று. எனக்கு வியாபாரம்கூடப் பெரிதில்லை. என் மகள் செய்த போனுக்கு முதல் கவர் எதிர்க்கடையில் தொங்குவதா என்று ஒரு வீம்பு. அன்றைக்கு அது நியாயமாகத்தான் பட்டது. முட்டாளுக்கு எல்லாமே நியாயமாகத்தான் படும்.

நீளம், அகலம், கனம், பொத்தான்கள், கேமரா. ஒரு பழைய கவர் அட்டையின் பின்னால் எழுதிக்கொண்டேன். கண் பாதி வாசலில்தான் இருந்தது. நீ வந்து மருந்தைக் கரண்டியில் ஊற்றி என் வாயில் கொடுத்தபோது அந்த அட்டை என் சட்டைப் பையில் இருந்தது.

மொத்தக் கடைக்காரர் எனக்கு மட்டும் ஐம்பது கவர் செய்து கொடுப்பதாகத்தான் பேச்சு. அவர் எத்தனை பேருக்கு அந்த அளவைக் கொடுத்தாரோ, நான் கேட்கவும் இல்லை, கேட்கும் யோக்கியதையும் இல்லை.

ஸ்டிக்கர் முழுசாக இருந்ததால் கம்பெனி உன்னை விட்டுவிட்டது. என் கைவேலை உன்னைக் காப்பாற்றியது என்று கொஞ்ச நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது அவனைப் பிடித்துக்கொடுத்தது என்பதைச் சொல்லிக்கொள்ளவில்லை. நீ இங்கே வந்து, "அவன நம்புனேன்ப்பா" என்று என் மடியில் தலை வைத்து அழுதாயே. உன் தலையைத் தடவிக்கொண்டு நான் என்ன சொன்னேன் தெரியுமா? யாரையும் நம்பக்கூடாதும்மா என்றேன். அளவெடுத்ததற்குக்கூட எங்கேயாவது மன்னிப்பு இருக்கலாம். அந்த வார்த்தைக்கு இருக்காது.

இப்போது எழுதுவதற்குக் காரணம், செவ்வாய்க்கிழமை ஏணி கடைக்கு வந்தான்.

இந்தத் தடவை குனிந்து வந்தான். போன் கண்ணாடி உடைந்திருக்கிறது, புது டெம்பர் கண்ணாடி ஒட்ட வேண்டும் என்றான். உடைந்ததுதான், ஆனால் அதற்காகப் பஸ் ஏறி இவ்வளவு தூரம் யாரும் வரமாட்டார்கள். ஒட்டினேன். உள்ளே நாலு குமிழி நின்றுவிட்டது. இத்தனை வருஷத்தில் எனக்கு அப்படி நின்றதில்லை. அவன் பரவாயில்லை என்று வாங்கி வைத்துக்கொண்டான்.

அப்புறம் மெதுவாகச் சொன்னான். நீ வேலையை விடப்போவதாக யாரோ அவனிடம் சொன்னார்களாம். அதனால் அவனே தன் பெயரை அந்தப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லிவிட்டானாம். கடல் தாண்டி எங்கோ ஒரு தொழிற்சாலையில் இடம் கேட்டு வாங்கியிருக்கிறான். இருபதாம் தேதி கிளம்புகிறான், எத்தனை வருஷம் என்று தெரியாது. உன்னை வேலையை விட வேண்டாம் என்று நான் சொல்ல வேண்டுமாம். அதைச் சொல்லத்தான் வந்தானாம்.

அந்தப் பெரிய கம்பெனியில் எப்படி இருக்கிறாய் என்று கேட்டேன். சிரித்தான். வேறு எந்தக் கம்பெனியும் அவனை உள்ளே விடவில்லை. இவர்கள் சேர்த்துக்கொண்டது, தங்களுக்காகத்தான் அவன் காட்டிக்கொடுத்தான் என்று நினைத்து. அதே காரணத்தால் அவனிடம் ஒரு முக்கியமான வேலையும் தருவதில்லையாம். ஒரு வருஷமாக சார்ஜர் ஒயரை வளைத்து வளைத்துப் பார்த்து எத்தனையாவது வளைவில் அறுகிறது என்று எழுதிக்கொண்டிருக்கிறான். உன் பதினொரு பேரில் மூளைக்காரன் அவன்தான் என்று நீதான் சொல்வாய்.

நான் கண்ணாடிப் பெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தேன், அவனைப் பார்க்கவில்லை. அவன் பெட்டிமேல் கிடந்த வெர்னியரை எடுத்து மூடினான், கோடு பூஜ்யத்தில் நிற்கிறதா என்று பார்த்தான், திரும்ப வைத்தான். அப்புறம்தான் சொன்னான். வெளியே வந்த படத்தில் எல்லா அளவும் கம்பெனித் தாளில் இருப்பதைவிட அரை மில்லி அதிகமாக இருந்ததாம். மறைப்பதற்காக அவனே மாற்றி எழுதியிருக்கிறான் என்று விசாரணையில் சொல்லியிருக்கிறார்கள். அன்றைக்கே அவனுக்கு நான் ஞாபகத்துக்கு வந்துவிட்டேன். பாப்பா, எப்போதும் அரை மில்லி கழிக்கிறவன், அன்றைக்குப் பதற்றத்தில் கழிக்க மறந்திருக்கிறேன்.

ஏன் தம்பி சொல்லவில்லை என்று கேட்டேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. "அவ ஒரு தடவ, ஏன்டா இப்படின்னு கேட்டிருந்தா சொல்லியிருப்பேன் அங்கிள். அவ கேக்கவே இல்ல" என்றான். கோபமாகத்தான் சொன்னான். பிறகு கோபம் இறங்கிவிட்டது. கிளம்பும்போது, "இப்ப நீங்களும் சொல்லிடாதீங்க. அவளுக்குன்னு இருக்கறது நீங்க ஒருத்தர்தான்" என்றான்.

வாசல்வரை போய்ப் பஸ் ஏறும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். எதிர்க்கடைக்காரர் யார் அது என்று கேட்டார். என் வீட்டுப் பையன் என்று சொல்லிவிட்டேன்.

அவன் சொன்னபடி நடந்திருந்தால் எல்லாம் சௌகரியமாக முடிந்திருக்கும். அவன் போய்விடுவான், உன் வேலை நிற்கும், ஞாயிறு ஞாயிறு நீ எனக்குப் போன் பண்ணுவாய், இருமல் எப்படியிருக்கிறது என்று கேட்பாய். மூன்று நாள் அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். அந்தப் பையன் என்னை உன்னிடம் விட்டுவிட்டுப் போகிறான். எனக்கு அந்தத் தகுதி இல்லை.

இத்துடன் உன் கம்பெனிக்கு ஒரு கடிதம் வைத்திருக்கிறேன். நடந்தது எல்லாம் தேதியோடு இருக்கிறது. என் மகளுக்குத் தெரியாமல் செய்தேன் என்று மூன்று இடத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். வெர்னியரையும் துணியில் சுற்றிப் பார்சலில் அனுப்பியிருக்கிறேன். மூடிப் பார்த்தாலே அவர்களுக்குப் புரியும். கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். கொடுத்தால் கடையைப் பூட்டிக்கொண்டு எங்கே கூப்பிட்டாலும் வந்து நிற்கிறேன். உள்ளே போட்டாலும் போடட்டும். அங்கேயும் யாராவது போன் வைத்திருப்பார்கள், எனக்குப் பொழுது போகும். பார், இப்போதும் எனக்கு வேடிக்கைப் பேச்சுதான் வருகிறது. வேறு எதைப் பேச ஆரம்பித்தாலும் அழுகை வருகிறது.

ஒன்று மட்டும் கேட்கிறேன். இன்று பன்னிரண்டாம் தேதி. இது உன் கைக்கு வரும்போது பதினைந்து ஆகியிருக்கும். அவன் பழைய நம்பரை மாற்றவில்லை என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். என்மேல் எவ்வளவு கோபம் வந்தாலும் அதை அப்புறம் வைத்துக்கொள், அது எங்கேயும் ஓடிப்போகாது, நானும் ஓடிப்போக மாட்டேன். முதலில் அவனைக் கூப்பிடு. மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். ஏன் என்று கேள், போதும். அவன் பதில் சொல்லி முடிக்கிறவரை போனை வைக்காதே.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தாலும் சரி, பேசிவிட்டு அவரவர் வழியில் போனாலும் சரி. அது உங்கள் பாடு. நான் அளந்து சொல்கிற இடம் இல்லை அது.

இதை நீ படித்த பிறகு வரும் ஞாயிறு போன் மணி அடிக்காவிட்டால் வருத்தப்பட மாட்டேன். அதற்கடுத்த ஞாயிறும் அப்படித்தான். மருந்தை நானே ஊற்றிக் குடித்துக்கொள்கிறேன். நேரத்துக்குச் சாப்பிடு. வேலையை விடாதே. நீ யாரை நம்பினாலும் அந்த நம்பிக்கை உன்னை நன்றாக வைத்திருக்கட்டும். நான் உன் தலையில் கை வைத்துச் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் மறந்துவிடு கண்ணு.

இப்படிக்கு,
நீ எப்படிக் கூப்பிட்டாலும், கூப்பிடாவிட்டாலும்,
அப்பா