பகடையை மாற்றிய பிறகும்

4 ஜனவரி 1998, ஞாயிறு
ரவிச்சந்திரனின் மாமல்லபுரம் ஓட்டலில் ஞாயிறுதோறும் பேக்கமன் ஆட்டம், பகடை உருட்டிப் பலகையில் காய் நகர்த்துவது. வெள்ளைக்காரப் பயணிகள் பழக்கிவிட்டது. நானும் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறிப்போய் ஆடுகிறேன். இன்று அவர் என்னைச் சமையற்கட்டுப் பக்கம் இழுத்துப்போனார்.

"அண்ணாத்த, அந்த ஹெலன் எல்லாரையும் தோக்கடிக்குது. பகடையில இன்னாமோ கீதுன்னு ஜெர்மன்காரரு சொல்றாரு. நீங்க ரிப்போர்ட்டரு, பாத்துச் சொல்லுங்க. ஆமான்னா இனிமே வராதன்னுடறேன்."

ஹெலன் செய்யூர்க்காரி, கல்பாக்கம் அணுமின் நிலையத்தில் கணக்குப் பிரிவில் வேலை. பகடை எப்போதும் அவளுடையது. ஏன்?

11 ஜனவரி
செங்கல்பட்டு பொம்மைக் கடையில் நானே பகடை வாங்கிப்போனேன். "இன்னா சார், புதுசா?" என்று ஹெலன் சிரித்தாள். அதிலும் ஜெயித்தாள்.

ஜெர்மன்காரருக்கு எதிரே ஒற்றைக் காயைத் துணையில்லாமல் விட்டாள். தனிக் காயை எதிராளி வெட்டலாம், புத்தகப்படி தப்பு. அவர் வெட்டவில்லை — திரும்ப வெட்டுவாளோ என்று பயம். சிற்பக்கடை ஞானதாஸ் கண்ணை மூடிக்கொண்டு வெட்டுகிற ஆள். அவரிடம் ஒரு காயைக்கூடத் தனியே விடவில்லை. தப்பையும் ஆள் பார்த்துச் செய்கிறாள்.

இது ஏமாற்றா?

14 ஜனவரி
ரவிச்சந்திரன் போன். இன்னும் பார்க்கிறேன் என்றேன்.

18 ஜனவரி
நானே அவளெதிரே உட்கார்ந்தேன். நடுவில் "டபுள்" என்றாள். ஏற்றால் ஆட்டத்தின் புள்ளி இரட்டிப்பு. மறுத்தால் அப்போதே தோல்வி. என் காய்கள் நன்றாகத்தான் இருந்தன. ஆனால் எதற்கு இப்போது கேட்கிறாள்? எதையோ பார்த்திருக்கிறாள் — மறுத்தேன். அடுத்த ஆட்டத்திலும். அதற்கடுத்ததிலும்.

காய்களை அள்ளும்போது சொன்னாள்: "மூணுலயும் நீங்கதான் சார் முன்னால இருந்தீங்க. பலகைய எங்க பாத்தீங்க? என் மூஞ்சியத்தான பாத்துகினு இருந்தீங்க. இன்னா நீட்டினாலும் சந்தேகப்பட்டுப் பின்வாங்குற ஆளு நீங்க. அத்த வச்சித்தான் ஆடுனேன்."

பிறகு குரல் தாழ்ந்தது. "ரவி அண்ணன் உங்கள எதுக்கு உக்கார வச்சாருன்னு தெரியும். திருடின்னு பேரு வந்தா கல்பாக்கம் பூரா பரவிடும். அப்புறம் என்னைக் கணக்குல உக்கார வுடுவாங்களா சார்?"

யாராவது தானாக ஒன்றை நீட்டினால் கையைப் பின்னால் கட்டிக்கொள்வது என் தொழில் பழக்கம். ஆட்டத்திலுமா?

25 ஜனவரி
மறுபடி ஹெலன். மறுபடி "டபுள்." முகத்தைப் பார்க்கவில்லை, பலகையைப் பார்த்தேன். மோசம். மறுத்திருக்க வேண்டும். போன வாரம் அவள் சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது, ஏற்றேன். இரட்டிப்பாகத் தோற்றேன்.

இதற்காகத்தான் அதைச் சொன்னாளோ?

ரவிச்சந்திரன் வாசலில் காத்திருந்தார். "இன்னா அண்ணாத்த, திருடுதா?"

"இல்லப்பா, ஆடுது. அடுத்த வாரம் பகடைய அதுவே கொண்டாரட்டும்."