அவள் வாக்கியங்களில் நான் இல்லை

மார்ச் 4, செவ்வாய்

மனைவி ஆங்கில வகுப்பில் சேர்ந்து இரண்டாவது வாரம். ஹோட்டலில் துணி தேய்க்கும் பிரிவிலிருந்து வரவேற்பு மேஜைக்கு மாற வேண்டுமாம். மாறட்டும், எனக்கும் பெருமைதான். ஆனால் இப்போது நடத்துவது, ஆளைச் சந்தோஷப்படுத்துகிற வினைச்சொற்கள். அன்றன்று நிஜமாக நடந்ததை வைத்து வாக்கியம் சொல்ல வேண்டும். பாத்திரம் துலக்கிக்கொண்டே சத்தமாகச் சொல்லிப் பார்க்கிறாள். மழை அவளை டிலைட் செய்ததாம். பஸ்ஸில் ஒரு குழந்தை சார்ம் செய்ததாம். என் ஆங்கிலம் அரைகுறைதான். ஆனாலும் ஹஸ்பண்ட் என்று ஒரு சொல் வந்தால் காதில் விழாதா?

மார்ச் 5

இன்றும் இல்லை.

மார்ச் 7, வெள்ளி

இந்தச் சொற்களுக்குள் என்ன வித்தியாசம் என்று கேட்டேன். உற்சாகமாகச் சொன்னாள். டிலைட் என்றால் மனசு நிறைகிற மாதிரி சந்தோஷம். த்ரில் என்றால் உடம்பு சிலிர்க்க வேண்டும். சார்ம் என்றால் பேச்சாலோ சிரிப்பாலோ மயக்குவது. எலக்ட்ரிஃபை என்றால் கரண்ட் அடித்த மாதிரி ஒரு கூட்டத்தையே துள்ள வைப்பது. நான் லிஃப்ட் மெக்கானிக். எங்கள் வேலையில் அந்தக் கடைசிச் சமாச்சாரம் நடந்தால் ஆளைத் தூக்கிக்கொண்டுதான் போக வேண்டும்.

பிறகு ஃபோன் வந்தது. வகுப்பில் ஆளுக்கொரு ஜோடி உண்டாம், ஃபோனில் பேசிப் பழக. இவளுக்கு வாய்த்த ஜோடி ஒரு பேங்க்காரர். என்ன சொன்னாரோ, இவள் சுவரில் சாய்ந்துகொண்டு சிரிக்கிறாள். என்னிடம் இப்படிச் சிரித்து எத்தனை நாளாச்சு? வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன், போ.

மார்ச் 9, ஞாயிறு

நானும் டிலைட் செய்து பார்த்தேன்.

புதிதாக நாங்கள் லிஃப்ட் மாட்டிய கட்டடத்துக்கு அவளைக் கூட்டிப்போனேன். இன்னும் யாரும் குடிவராத கட்டடம். வாட்ச்மேனிடம் கெஞ்சிக் கூத்தாடி, மொட்டைமாடி வரை ஏற்றிவிட்டேன். ஊர் முழுக்கக் காலடியில். அவள் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். சரி, இன்றைக்கு மாட்டினாள் என்று நினைத்தேன்.

சாயங்காலம் அடுப்படியில் வாக்கியம் வந்தது. காட்சி அவளை த்ரில் செய்ததாம்.

காட்சி! அது தானாக வந்து நின்றதா?

மார்ச் 12, புதன்

வகுப்பு முடிகிற நேரத்துக்கு அழைத்துவரப் போனேன். அப்படியே அந்த ஆளையும் பார்த்துவிடலாம் என்றுதான். வழுக்கையாக இருப்பார் என்று ஏனோ ஒரு நம்பிக்கை. அடர்த்தியான முடி. மரியாதையாகக் கை கொடுத்தார், பிறகு இவள் பக்கம் திரும்பி, “வீட்டுக்காரரைப் பத்தி நீங்க ஒண்ணுமே சொன்னதில்லையே மேடம்” என்றார்.

அவள் சிரித்தாள். வழியெல்லாம் நான் நாலடி பின்தங்கியே நடந்தேன். கால் வலியா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

மார்ச் 17, திங்கள்

நானும் சேர்ந்துவிட்டேன். காலை வகுப்பு, அதே டீச்சர். கம்பெனியில் எல்லாம் ஆங்கிலத்தில் வருகிறது என்று வீட்டில் காரணம் சொன்னேன். நம்பினாளா தெரியவில்லை.

முதல் நாளே டீச்சர் கறாராகச் சொல்லிவிட்டார். “வீட்டு ஆளுங்களை வாக்கியத்துல கொண்டுவரக் கூடாது. எல்லாரும் புருஷன் டிலைட், பொண்டாட்டி டிலைட்னுதான் சொல்றீங்க. ஒருத்தரும் நிஜம் சொல்றதில்ல.”

அப்படியென்றால் அவள் மேல் தப்பில்லை! வேலைக்குப் போகிற வழியெல்லாம் மனசு லேசாக இருந்தது. இதை என்னிடம் ஒரு வார்த்தை சொன்னால் என்ன? நான்தான் கேட்டேனா?

சாயங்காலம் மறுபடி ஃபோன், மறுபடி அந்தச் சிரிப்பு. டீச்சரின் சட்டம் சிரிப்புக்குச் செல்லாது போல.

மார்ச் 21, வெள்ளி

என் ஜோடி ஒரு நர்ஸ். கலகலப்பான பெண். ஊசிக்குப் பயந்து கட்டிலுக்கடியில் ஒளிந்துகொண்ட போலீஸ்காரர் கதையைச் சொன்னார். அதை வைத்து வாக்கியம் அமைத்து, ஜன்னலோரம் நின்று சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். நர்ஸ் என்னை டிலைட் செய்தார்.

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. ஈரக் கையோடு வந்து நின்றாள்.

“எந்த நர்ஸ்?”

வகுப்பு ஜோடி என்றேன். வயசு கேட்டாள். தெரியாது என்றேன்.

“கல்யாணம் ஆயிடுச்சா?”

கேட்கவில்லை என்றேன்.

“கதை சொல்லிச் சிரிக்க வெச்சா அம்யூஸ் போதுமே. டிலைட் எதுக்கு?”

போய்விட்டாள். உள்ளே பாத்திரங்கள் பாடாய்ப் பட்டன. பாவமாக இருந்திருக்க வேண்டும் எனக்கு. இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்தது.

கொஞ்ச நேரத்தில் பேங்க்காரரின் ஃபோன். நாளைக்குப் பேசலாம் என்று வைத்துவிட்டாள். நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தாள்.

“இனிமே என்கிட்ட சொல்லிப் பாருங்க. நான் திருத்துறேன்.”

சொன்னேன். நிறையத் தப்பு வந்தது. சிலது வேண்டுமென்றே.